அணைச்சது அணைஞ்சே கிடக்கட்டும்

விண்டோஸ் கொம்பியூட்டரில் மவுஸுக்கான செற்றிங்கைத் திறந்து கொஞ்சம் உள்ளே போனால் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பக்கத்தில் 'என்ஹான்ஸ் பொயின்டர் பிரிசிஷன்' என்று எழுதியிருக்கும். அதில் டிக்கும் போட்டிருக்கும். நீங்கள் போட்டதில்லை, வரும்போதே போட்டுத்தான் வந்தது. நீங்கள் அந்த டிக்கை எடுக்கிறீர்கள், ஓகே குடுக்கிறீர்கள், மூடுகிறீர்கள். இரண்டு நாள் கழித்து மவுஸ் ஏதோ கைக்கு அடங்காத மாதிரிக் கிடக்கு என்று போய்ப் பார்த்தால், டிக் பழையபடி அங்கேயே குந்தியிருக்கிறது.

இதை யாரிடமாவது சொல்லி முறைப்பட்டால் மூன்று பதில்கள் வரும். முதலாவது: "உது ஒரு பிரச்சினையே மச்சான்?" இரண்டாவது: "போர்மட் அடி, எல்லாம் சரிவரும்." மூன்றாவது: "யூடியூப்பில லிங்க் கிடக்கு, அந்த ஃபைலை இறக்கி ரன் பண்ணிப் பார்." நாங்கள் இந்த மூன்று பதில்களுக்கும் எதிராகத்தான் எழுதுகிறோம். அணைத்த ஒன்று அணைந்தே இருக்க வேணும் என்று கேட்பதற்கு நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

பெயரில் தொடங்குகிற பொய்

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். டிக் இல்லாதபோது கணக்கு நேரானது. மேசையில் மவுஸ் ஒரு குறிப்பிட்ட தூரம் போனால், திரையில் அம்பும் அதற்கேற்ற ஒரு தூரம் போகும். மெதுவாக நகர்த்தினாலும் விசுக்கென்று இழுத்தாலும் அந்தத் தூரம் மாறாது. டிக் இருந்தால் தூரத்தோடு வேகமும் கணக்கில் சேர்ந்துவிடும். மெதுவாகப் போனால் அம்பு குறைவாகப் போகும். வேகமாக இழுத்தால், கை போன தூரம் அதேதான் என்றாலும், அம்பு கூடுதலாகப் பாயும். கேம் விளையாடுகிறவர்கள் இதை மவுஸ் அக்சலரேஷன் என்பார்கள்.

நம்பாவிட்டால் செய்து பாருங்கோ. மேசையில் மவுஸின் இரண்டு பக்கமும் இரண்டு தடித்த புத்தகங்களை வையுங்கோ. மவுஸ் அசைய ஒரு விரலளவு இடம் மட்டும் விடுங்கோ. மவுஸை இடப்பக்கப் புத்தகத்தோடு முட்ட வைத்து, திரையின் நடுப்பகுதியில் அம்பு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கோ. பிறகு மெது மெதுவாக வலப்பக்கப் புத்தகம் வரை போய், அங்கேயிருந்து ஒரே இழுவையாகத் திரும்பி வாருங்கோ. மவுஸ் தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டது. அம்பு வந்ததா? அம்பு திரை விளிம்பில் முட்டாதபடி பார்த்துக்கொண்டால், டிக் இருக்கிற கொம்பியூட்டரில் அது தொடங்கின இடத்தைத் தாண்டி இடப்பக்கம் போய் நிற்கும். டிக் இல்லாத கொம்பியூட்டரில் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பியிருக்கும்.

இந்த வேலைக்கு வைத்த பெயர்தான் 'துல்லியத்தைக் கூட்டு'. பெயரை மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு, டிக்கை எடுத்தால் துல்லியம் குறைந்துபோகும் என்றுதானே படும்? அதனாலேயே தொடாமல் விடுகிறவர்கள் எத்தனையோ பேர். 'வேகத்துக்கேற்ப அம்பின் தூரத்தை மாற்று' என்று எழுதியிருந்தால் வேணும் என்கிறவர் வைத்திருப்பார், வேண்டாம் என்கிறவர் எடுத்திருப்பார். நல்ல பெயர் வைத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது கொம்பியூட்டர் வருவதற்கு முன்னமே எங்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

நியாயமாகவும் பேச வேணும். இந்த வசதி சும்மா வந்ததில்லை. இப்போதுள்ள வடிவத்தில் இது 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. அதற்கு முந்தின விண்டோஸ்களில் இதைவிட முரட்டுத்தனமான ஒரு முறை இருந்தது. வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் அம்பின் ஓட்டம் திடீரென்று இரண்டு மடங்காகும். எக்ஸ்பி அதை ஒரு வளைகோடாக்கி மெதுமையாக்கியது. உருண்டை வைத்த பழைய மவுஸ்கள் ஓடிய காலத்தில், சின்ன மேசையில் வேலை செய்கிறவருக்கு இது உதவிதான். இன்றைக்கும் லப்டொப்பின் ரச்பாட்டில் வேலை செய்கிறவர்களுக்கும், கையை அதிகம் அசைக்க ஏலாதவர்களுக்கும் இது நல்லது. அவர்கள் வைத்திருக்கட்டும். டிக் போட்டிருக்கிறவனை 'நூப்' என்று நக்கலடிக்கிற கேமர் கூட்டத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எங்கள் சண்டை அக்சலரேஷனோடு இல்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் திரும்பி வருகிறதே, அதோடுதான்.

"உது ஒரு பிரச்சினையே?"

ஒரு தையல்காரியை எடுத்துக்கொள்ளுங்கோ. மெஷினில் தையலின் நீளத்தைத் தன் கைக்கு ஏற்ற மாதிரித் திருப்பி வைத்துவிட்டுப் படுக்கிறா. விடிய எழும்பித் தைத்தால் தையல் வேறு நீளத்தில் விழுகிறது. போய்ப் பார்த்தால் அந்தத் திருகி கடையிலிருந்து வந்த நாளில் நின்ற இடத்துக்குத் தானாகப் போயிருக்கிறது. திருப்பி வைக்கிறா. அடுத்தநாளும் அதே கதை. அவவிடம் போய் "உது ஒரு பிரச்சினையே?" என்று கேட்க எங்களில் எவருக்காவது வாய் வருமா? மெஷினைப் பேய் பிடித்துவிட்டது என்றாவது சொல்லுவோம். மவுஸ் என்றால் மட்டும் சின்ன விஷயமாகிவிடுகிறது. ஏனென்றால் மவுஸ் பிடிக்கிற கையை நாங்கள் இன்னும் தொழில் செய்கிற கையாகப் பார்க்கப் பழகவில்லை.

எங்களில் ஒருத்தி கலியாண அல்பம் டிசைன் செய்கிறாள். பொம்பிளையின் தலைமுடி ஓரத்தையும் சேலைக் கரையையும் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கிற வேலை. ஒரே இழுவையில் கோடு போட வேணும். இவ்வளவு அசைத்தால் அம்பு இவ்வளவு போகும் என்று அவளுடைய மணிக்கட்டுக்குத் தெரியும். அந்த அறிவு தலையில் இல்லை, கையில்தான் இருக்கிறது. மாதக்கணக்காகச் செய்து வந்தது. அளவு மாறினால் கை பிழைக்கிறது, திரும்ப வெட்ட வேண்டியிருக்கிறது, இரவு நீளுகிறது. ஒரு அல்பத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவளுக்கு நீளுகிற இரவுக்கு யாரும் தனியாகத் தரப்போவதில்லை.

கேம் விளையாடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சுடுகிற கேமில் குறி வைப்பது என்பது கைக்கும் கண்ணுக்கும் இடையிலான ஒரு உடன்படிக்கை. ஒரு பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றினால், மற்றப் பக்கம் எவ்வளவு பழகியும் பலனில்லை. "விளையாட்டுத்தானே" என்று தள்ளுகிறவர்கள், கிரிக்கெட் மட்டையின் பாரம் ஓவருக்கு ஓவர் மாறினால் அதையும் அப்படியே தள்ளுவார்களா?

ஆர் திரும்பப் போடுறது?

பேயும் இல்லை, வைரஸும் அனேகமாக இல்லை. கள்ளன் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அவனைப் பிடிக்கிறதுக்கு ஒரு கேள்வி போதும்: டிக் எப்போது திரும்பி வருகிறது? டிக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காரியமாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்தப் பெட்டியைப் போய்ப் பாருங்கோ. சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்த பிறகு. மவுஸைக் கழற்றி மாட்டின பிறகு. கேமைத் திறந்து மூடின பிறகு. எந்தக் காரியத்துக்குப் பிறகு வருகிறதோ, கள்ளன் அங்கேதான்.

சைன் இன் ஆனதும் அல்லது மவுஸை மாட்டினதும் வருகிறதென்றால், முதல் சந்தேகம் மவுஸ் கொம்பனியின் சொஃப்ட்வெயார் மேல் விழ வேணும். கலர் லைட் எரிகிற மவுஸ் வாங்கினால் கூடவே ஒரு புரோகிராமும் போடச் சொல்வார்கள். அது கொம்பியூட்டர் தொடங்கும்போதே தானும் தொடங்கி, தன்னிடம் சேமித்து வைத்திருக்கிற அளவுகளை விண்டோஸின் மேல் எழுதிவிடலாம். எங்களில் ஒருவனின் மவுஸ் அப்படித்தான். அந்தப் புரோகிராமுக்குள்ளும் இதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது, அதில் டிக் இருந்தது. விண்டோஸில் அவன் எடுக்க எடுக்க, இது போட்டுக்கொண்டே இருந்தது. புரோகிராமுக்குள் போய் அங்கே அணைக்க வேணும். இல்லாவிட்டால் டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் அது தானாகத் தொடங்குவதை நிறுத்த வேணும்.

இரண்டாவது சந்தேகம் அக்கவுன்ட். வீட்டில் ஒன்று, வேலை இடத்தில் ஒன்று என்று இரண்டு கொம்பியூட்டரில் ஒரே மைக்ரோசொஃப்ட் அக்கவுன்டால் உள்ளே போகிறவர்கள் கவனியுங்கோ. விண்டோஸுக்குச் செற்றிங்குகளை ஒரு கொம்பியூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிற பழக்கம் உண்டு. மவுஸ் செற்றிங்கும் அந்த மூட்டைக்குள் போகலாம். அக்கவுன்ட் பகுதியில் இருக்கிற சிங்க் அல்லது பக்கப் என்கிற இடத்துக்குப் போய், 'மற்ற விண்டோஸ் செற்றிங்குகள்' என்பதை நிறுத்திப் பாருங்கோ.

மூன்றாவது, கேம். இதற்கு ஒரு பழைய சரித்திரமே இருக்கு. 1996 இல் வந்த குவேக் கேமின் நிரல் 1999 இல் பொதுவாக வெளியிடப்பட்டது. அதை இன்றைக்கும் எவரும் வாசிக்கலாம். கேம் தொடங்கும்போது உங்கள் மவுஸ் அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அக்சலரேஷனோடு கூடிய தன் அளவுகளைப் போடும். முடியும்போது உங்களுடையதைத் திருப்பி வைக்கும். ஒழுங்காக முடிந்தால்தான் அந்தத் திருப்பி வைப்பு. நடுவில் கேம் உடைந்து விழுந்தால் நீங்கள் வெளியே வரும்போது உங்கள் கொம்பியூட்டரில் அதனுடைய அளவுகள்தான் நிற்கும். ஹாஃப் லைஃப்பும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் இதே வழியில் வந்தவை. நெற் கபேயில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 விளையாடின அண்ணாமாருக்கு 'நோஃபோர்ஸ்எம்பார்ம்ஸ்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். கேம் தொடங்கும்போது சேர்த்து எழுதுகிற மந்திரம். 'என் மவுஸ் அளவுகளை வற்புறுத்தி மாற்றாதே' என்பதுதான் அந்த மந்திரத்தின் பொருள். அப்போதே விளையாடுகிறவன் கெஞ்ச வேண்டியிருந்தது.

இப்போதைய பல கேம்களில் 'ரோ இன்புட்' என்று ஒரு தெரிவு இருக்கும். அதைப் போட்டால் கேம் விண்டோஸின் கணக்கை விட்டுவிட்டு, மவுஸ் சொல்லுகிறதை நேராக எடுத்துக்கொள்ளும். அப்போது டிக் இருந்தாலும் கேமுக்குள் குறி மாறாது. ஆனால் அல்பம் செய்கிறவளுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நாலாவது, பொதுக் கொம்பியூட்டர். பள்ளிக்கூட லாப்பிலும் ரியூட்டரியிலும் சில இடங்களில் கொம்பியூட்டரை ஒவ்வொரு முறை றீஸ்ரார்ட் செய்யும்போதும் பழைய நிலைக்கே திரும்புகிற மாதிரிப் பூட்டி வைத்திருப்பார்கள். நூறு பேர் கை வைக்கிற இடத்தில் அதற்கு நியாயம் இருக்கு. அங்கே நீங்கள் டிக்கோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பொறுப்பான சேரிடமோ மிஸ்ஸிடமோ கேட்டு, மூல நிலையிலேயே மாற்றுவிக்க வேணும்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் ரெஜிஸ்ட்ரி. அங்கே உங்கள் பயனாளர் பகுதியின் கீழ், கொன்ட்ரோல் பனலுக்குள் மவுஸ் என்ற இடத்தில், மவுஸ் ஸ்பீட், மவுஸ் திரெஷோல்ட் ஒன்று, மவுஸ் திரெஷோல்ட் இரண்டு என்று மூன்று பெறுமதிகள் இருக்கும். டிக் இருந்தால் வழக்கமாக 1, 6, 10. டிக் இல்லாவிட்டால் மூன்றும் 0. மூன்றும் 0 ஆக நிற்கிறதா என்று பாருங்கோ, இல்லாவிட்டால் மாற்றுங்கோ. மாற்றும் முன் அந்தப் பகுதியை ஒரு ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கோ. பிறகு சைன் அவுட் செய்து திரும்பி வாருங்கோ. ஆனால் ஒன்று. மேலே சொன்ன கள்ளன் உள்ளே இருக்குமட்டும் இந்த 0 எல்லாம் திரும்ப மாறும். ஆகவே இது கடைசி வேலை, முதல் வேலை இல்லை.

போர்மட் வைத்தியம்

இரண்டாவது பதிலுக்கு வருவோம். எங்கட ஊர்களில் கொம்பியூட்டருக்கு வருகிற எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்து போர்மட். பிரின்டர் வேலை செய்யாவிட்டால் போர்மட், சத்தம் வராவிட்டால் போர்மட், மவுஸ் டிக் திரும்பி வந்தாலும் போர்மட். கடைக்காரரில் மட்டும் பிழை சொல்ல ஏலாது. வரிசையில் பத்து கொம்பியூட்டர் கிடக்கும்போது, காரணம் தேடிக்கொண்டிருக்க அவருக்கு யார் காசு குடுக்கிறது? ஆனால் விளைவைப் பாருங்கோ. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அந்த டிக் இருந்தபடியேதான் வரும், ஏனென்றால் இருப்பதுதான் அதன் பிறவி நிலை. அதே அக்கவுன்டால் உள்ளே போனால் பழைய செற்றிங்குகளும் பின்னால் வரலாம். அதே மவுஸ் புரோகிராமைத் திரும்பப் போடுவீர்கள். நோய் அப்படியே கிடக்க, படங்களும் பாடக் குறிப்புகளும் மட்டும் போய்விடும். ஏன் வந்தது என்ற கேள்வியும் அவற்றோடு அழிந்துவிடும். எங்களுக்கு அதுதான் பெரிய நட்டம்.

மூன்றாவது பதில் இன்னும் மோசம். ஒரு டிக்கை எடுக்கிறதுக்காக, ஆர் எழுதினது என்று தெரியாத ஒரு ஃபைலை இறக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரமும் குடுத்து ஓடவிடச் சொல்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் நடப்பதெல்லாம் மூன்று எண்கள் மாறுவதுதான். மூன்று எண்ணுக்காக வீட்டுத் திறப்பையே வழியில் போகிறவனிடம் குடுப்பதா? அப்படிக் குடுக்கிற அளவுக்கு ஆட்களை அலைக்கழித்ததில், அணைக்க விடாத அந்த ஏற்பாட்டுக்கும் பங்கு இருக்கு.

கேட்கத் தெரியாமல் இல்லை

இப்போது கணக்கைப் போடுங்கோ. அந்த டிக்கைப் போட ஒரு புரோகிராமுக்கு என்ன தேவை? விண்டோஸிடம் ஒரு வரிக் கட்டளை. அட்மின் அதிகாரம் தேவையில்லை, உங்களிடம் கேட்கத் தேவையில்லை, சொல்லவும் தேவையில்லை. எந்தப் புரோகிராம் மாற்றியது என்று அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதப்படாது. அதே டிக்கை எடுத்து, எடுத்தபடியே வைத்திருக்க உங்களுக்கு என்ன தேவை? மேலே நாங்கள் எழுதின அவ்வளவும். போடுகிறவனுக்குத் திறந்த கதவு, எடுக்கிறவனுக்கு நாலு படலை. இந்த வித்தியாசம் எங்களுக்குக் கோபம் தருகிறது.

"புரோகிராமுகளுக்கு அந்த வசதி வேணும்தானே, ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆர் பாவிப்பான்?" என்று சிலர் கேட்பார்கள். அதே விண்டோஸில் ஷிஃப்ட் விசையை ஐந்து தரம் தொடர்ந்து அமத்திப் பாருங்கோ. 'ஸ்டிக்கி கீஸ் வேணுமா?' என்று ஒரு பெட்டி வரும். ஓம் அல்லது இல்லை என்று நீங்கள் சொல்ல வேணும். அந்தக் குறுக்குவழியே வேண்டாம் என்றால் அதையும் அணைக்கலாம். ஆக, விண்டோஸுக்குக் கேட்கத் தெரியும். மவுஸ் விஷயத்தில் கேட்பதில்லை என்று யாரோ ஒரு கட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள், அல்லது முடிவெடுக்காமலே விட்டிருக்கிறார்கள். இரண்டும் எங்களுக்கு ஒன்றுதான்.

மற்ற வீட்டிலும் நிலைமை பெரிதாக வாசியில்லை. அப்பிளின் மக் கொம்பியூட்டரில் 2022 இல் வென்சுரா வருமட்டும், மவுஸ் அக்சலரேஷனை அணைக்கச் செற்றிங்கில் ஒரு இடமே இருக்கவில்லை. டெர்மினலைத் திறந்து கட்டளை எழுதினால்தான் உண்டு. ஆனால் அந்த ஆளி வந்தபோது 'பொயின்டர் அக்சலரேஷன்' என்று அதன் சொந்தப் பெயரிலேயே வந்தது. லினக்ஸ் பக்கமும் 'ஃபிளாட்', 'அடாப்டிவ்' என்று இரண்டு தெரிவுக்கும் தனித்தனிப் பெயர். உள்ளதை உள்ளபடி எழுத ஏலும் என்பதற்கு இவை சாட்சி.

எங்களுக்கு வேண்டியவை மூன்றே மூன்று. பெட்டி என்ன செய்கிறதோ அதையே பெயராக எழுதுங்கள். பாவிக்கிறவர் ஒருமுறை தன் கையால் மாற்றினால், அதற்குப் பிறகு எந்தப் புரோகிராமும் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. தொட்டால், எது எப்போது தொட்டது என்று அந்த இடத்திலேயே எழுதிக் காட்டுங்கள். ரொக்கெட் விடச் சொல்லிக் கேட்கவில்லை.

இதை நாங்கள் இளைய ஆட்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கு. மவுஸின் இடப் பொத்தான் எது, வலப் பொத்தான் எது, நடுவில் உருளுவது எது என்று படம் கீறிப் பெயர் குறித்துத்தான் நாங்கள் கொம்பியூட்டர் படித்தோம். "கண்டதையும் நோண்டாதே, பழுதாப்போம்" என்பதும் அந்தப் பாடத்தோடு சேர்ந்து வந்தது. செற்றிங் என்றால் வேறு யாரோ பெரிய ஆட்கள் யோசித்து வைத்தது, நாங்கள் தொடக்கூடாதது என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடுதான் இப்போது ஃபோனையும் பிடித்திருக்கிறோம். தானாக ஓடுகிற வீடியோவை அணைக்கிறோம், ஒரு அப்டேற்றுக்குப் பிறகு அது திரும்ப ஓடுகிறது. அறிவித்தல் வேண்டாம் என்கிறோம், வேறு பெயரில் வருகிறது. "அது அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது அப்படித்தான் இல்லை. அப்படி யாரோ வைத்திருக்கிறார்கள்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, மவுஸ் செற்றிங்கைத் திறவுங்கோ. உங்கள் கைக்கு அது வேணுமா வேண்டாமா என்று புத்தகம் இரண்டை வைத்துச் சோதித்து நீங்களே முடிவெடுங்கோ. வேண்டாம் என்றால் எடுங்கோ. திரும்பி வந்தால் ஆர் போட்டது என்று தேடிப் பிடியுங்கோ. பிடித்ததை மற்றவருக்கும் சொல்லுங்கோ. விண்டோஸில் ஃபீட்பக் ஹப் என்று முறைப்பாடு எழுத ஒரு இடம் இருக்கு, அதிலும் எழுதுங்கோ. "உது ஒரு பிரச்சினையே?" என்று பக்கத்தில் இருக்கிறவர் கேட்டால், ஓம் என்று சொல்லுங்கோ.